அந்த 'ழ'வை ஒருக்கா மாத்துங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழில சொல்லாய்வுப் பக்கத்தில, யாழ்ப்பாணத்தில காற்சட்டைக்குச் சொல்லுற 'கழிசான்' தூய தமிழ்ச் சொல், 'கழி' எண்ட வேரில இருந்து பிறந்தது, கழட்டுறதால கழிசான் எண்டு போட்டிருந்தியள். கழட்டுற சாமானெல்லாம் கழிசான் எண்டால் என்ட மூக்குக்கண்ணாடியும் கழிசான், பொய்ப்பல்லும் கழிசான். அது போர்த்துக்கேயற்ற 'கல்சாவ்ங்' எண்டு உங்களுக்குத் தெரியாமலோ இருக்கும்? சிங்களத்தில 'கலிசம' எண்டு அதே சொல் நிக்குதே, அவையும் உங்கட 'கழி'யிலயோ எடுத்தவை? 1619இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு 1658இல ஒல்லாந்தரிட்டப் பறிகுடுத்திட்டுப் போன சனம் கதிரை, அலவாங்கு, பாண், லேஞ்சி எண்டு எவ்வளவத்தை விட்டிட்டுப் போயிருக்கு.

நான் லிஸ்பன்ல ஏழு வருஷம் கிச்சின்ல சட்டி கழுவினனான். அங்க நீட்டுக் களிசான் 'கல்சஷ்', கட்டை 'கல்சாவ்ங்'. பிறகு பார்சலோனாவுக்கு மாறிப் போய் முதல் கிழமையே வேலைக்குக் கறுத்தக் களிசான் வேண்டப் போனா, கடைக்குள்ள 'கல்சஸ்' எண்டு பெரிய போர்ட் தொங்குது, இதென்ன எனக்குத் தெரிஞ்ச சொல்தானே எண்டு நேரா போய்க் கையை விட்டுக் கிளறினா எல்லாம் லேஸ் வைச்ச பொம்பிளையளின்ட உள்ளுடுப்பு! பார்சலோனாவில பேசுற கற்றலன் மொழிக்காரருக்கு அந்தச் சொல் அதுதானாம். விக்கிற பிள்ளை வாய் திறக்கேல்லை, ஒரு விரலால மேல்மாடியைக் காட்டினாள்.

அண்டைக்குப் பிடிச்ச விசர் இது. லத்தீன்ல 'கால்கேயுஸ்' எண்டால் சப்பாத்து, அதுக்கும் அடி குதிக்கால். அந்தச் சப்பாத்துச் சொல் காலுறையாகி, முழங்கால் தாண்டி, இடுப்பு மட்டும் ஏறிட்டுது. ஸ்பெயின்காரர் அதைத் திரும்பக் கீழ இறக்கிப்போட்டினம், 'கல்தெத்தின்' எண்டால் சொக்ஸ், ஆனா 'கல்தொன்தீயோஸ்' ஆம்பிளையளின்ட ஜட்டி. பாஸ்க் மொழியில களிசான் 'கல்ட்சா', பாதிக்கு 'எர்தி', ரெண்டையும் ஒட்டி 'கல்ட்செர்தி' எண்டால் சொக்ஸ், அதாவது அரைக் களிசான். போர்த்துக்கேயர் சப்பாத்தை மட்டுமில்லை, கையுறையையும் 'கல்சார்' பண்ணுறவை, எண்டால் மாட்டுறவை, கைக்கும் குதிக்காலுக்கும் என்ன சம்பந்தம் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.

இதை எழுதத் துடங்க பழசும் ஞாபகம் வருது. முந்தி நான் போட்ட கடிதத்தில 'சப்பாத்து' எண்டதை வெட்டிக் 'காலணி' ஆக்கினியள், 'லேஞ்சி' கைக்குட்டையாப் போச்சு, கேட்டதுக்கு "வட்டாரக் கொச்சை வாசகருக்கு விளங்காது" எண்டு ரெண்டு வரிப் பதில். எங்கட அம்மம்மா சாகும் வரைக்கும் லேஞ்சியாலதான் கண் துடைச்சவ, அவவுக்கு விளங்கினது. இப்ப அதே பத்திரிகை எங்கட சொல்லொண்டுக்குத் தூய தமிழ்ப் பட்டம் கட்டுது. ஒரு பறங்கிச் சொல்லுப் பேசினா கொச்சை, இன்னொரு பறங்கிச் சொல்லுப் பேசினா தூய தமிழ், நல்ல ஞாயம் ஐயா. போர்த்துக்கேயத்திலயிருந்து வந்ததெண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?

பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. ஒரு மூலையில ரெண்டு வரித் திருத்தம் போடுங்கோ. அதோட அந்த 'ழ'வை எடுத்துப்போட்டு 'ள' வையுங்கோ, போர்த்துக்கேயத்தில ழகரம் இல்லை. சந்தா மார்கழி மட்டும் கட்டியிருக்கிறன், அதுவரைக்கும் பாப்பன்.

இப்படிக்கு,
பழைய வாசகன்