சிவப்பு பேனா பிடிச்ச அக்காவுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கமுங்க. அப்பா எழுதி வெச்சதெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போன விஷயம் உங்களுக்கே தெரியும், நடந்தத மறுபடி எழுத இப்ப தெம்பு இல்ல. நேத்து ராத்திரி கடைசிப் பக்கமும் வந்துடுச்சு. அப்பா எழுதினது படிக்கற மாதிரி என் ஸ்கிரீன்ல இருக்கு, கை இன்னும் நடுங்குது.

நாலு ராத்திரி முழிச்சிருந்து, கெட்ட டிஸ்க்குல இருந்து ஃபைல மீக்கற டிடிரெஸ்க்யூங்கற ப்ரோகிராம ஓட்டி, நல்ல பகுதிய மொதல்ல காப்பி எடுத்துட்டு அப்புறம் கெட்டுப்போன எடத்துக்கு திரும்பத் திரும்பப் போன கோயமுத்தூர் தம்பி, கேக்காமலே புது டிஸ்க்க பஸ்ல குடுத்துவிட்ட பாலக்காட்டு அண்ணன், ஆபீஸ் வேலைக்கு நடுவுல ஸ்கிரிப்ட் எழுதித் தந்த ரெண்டு பேரு, ஞாயித்துக்கிழமை டீக்கடையில எந்த கம்ப்யூட்டர் மொழி நல்லது, பைத்தானா ரஸ்ட்டான்னு பேசிப்பேசி எனக்கு ப்ரோகிராம் எழுதவே கத்துக்குடுத்த அத்தனை பேரு, உங்க எல்லாருக்கும் எங்கம்மா விளக்கு வெக்கறப்ப வேண்டிக்கறாங்க.

ஆனா நா இத எழுத உக்காந்ததே கொழிஞ்சாம்பாறை டிடிபி கடை அக்காவுக்காகத்தான்.

அப்பா பக்கம் அமைக்கற பழைய பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர்ல எழுதின ஃபைல் ஒன்னுகூட திறக்கல, உள்ள இருந்த எழுத்த மட்டும் உருவி எடுத்தோம், எங்க எந்த ஃபான்ட்டுங்கற விவரம் போயிடுச்சு. அப்பா அச்சாபீஸ்ல இருந்தவரு, தமிழ பாமினியிலயும் மலையாளத்த கார்த்திகாவுலயும் அடிப்பாரு, ஒரே பக்கத்துல ரெண்டும் வரும். ரெண்டுமே இங்கிலீஷ் எழுத்து மேல ஏத்தி வெச்ச ஃபான்ட்டு. சின்ன எம் பாமினியில 'அ', கார்த்திகாவுல அதே எம் துணைக்கால். அம்மான்னு அடிச்சது எம், கே, செமிகோலன், கே, ஹெச்சுன்னு நிக்கும். எதுவரைக்கும் தமிழு எங்கிருந்து மலையாளம்னு எங்க ப்ரோகிராமுக்கு பிடிபடவே இல்ல, மாத்தினா பாதி உளறலா வந்துச்சு.

ஸ்கிரீன்ல பாத்துப் பாத்து கண்ணு எரிஞ்சதால 214 பக்கத்தையும் பிரிண்ட் எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். மொதப் பக்கம் வெளிய வந்ததும் அக்கா கையில எடுத்து, "ஏனம்மிணி, மூலத்தறையில தண்ணி தொறந்துட்டாங்க, நம்ம வாய்க்காலுக்கு இன்னும் வரலன்னு போட்டிருக்குது, யாரு எழுதுனது?"ன்னு கேட்டாங்க. அந்த இங்கிலீஷ் எழுத்துக் குப்பைய பாத்துட்டு, ஃபான்ட்டே இல்லாம, அப்படியே வாசிச்சாங்க. நா அங்கயே நின்னு அழுதுட்டேன்.

ரெண்டு மொழியிலயும் 20 வருஷமா கல்யாணப் பத்திரிக அடிக்கறாங்களாம், ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல தப்பு திருத்தித் திருத்திப் பழகிப்போச்சாம். அன்னைக்கு சாயங்காலமே வரச்சொன்னாங்க. ஷட்டர பாதி இறக்கிட்டு, மலையாளத்துக்கு சிவப்பு பேனா, தமிழுக்கு நீலம்னு வரிவரியா கோடு போட்டாங்க. இப்படி 11 சாயங்காலம். ஒரு எடத்துல நிறுத்தி, "உங்கப்பா தனக்கு எழுதறப்ப தமிழு, தண்ணி ஆபீசுக்கு மனு எழுதறப்ப மலையாளம், பாத்தியா அம்மிணி"ன்னாங்க. பெத்த மக எனக்கு அது தெரியல. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில வருஷம் 7.25 டிஎம்சி தண்ணி கேரளாவுக்கு வரணும், எங்க கடைமடைக்கு அது எந்தத் தேதியில வந்துச்சு எந்த வருஷம் வரவே இல்லன்னு மனுஷன் ஒவ்வொன்னா குறிச்சு வெச்சிருக்காரு.

பேப்பர் காசு மட்டும் வாங்கிக்கிட்டாங்க. சாமி படத்துக்கிட்ட நா வெச்ச பணத்தையும் மறுநாள் டிபன் பாக்ஸ்ல போட்டு திருப்பி அனுப்பிட்டாங்க, மேல ரெண்டு அரிசி முறுக்கோட.

அவங்க கோடு போட்ட பக்கத்த வெச்சுத்தான் எந்த மொழியில எந்த மூணு எழுத்து சேந்து அதிகமா வருதுன்னு எண்ணிப் பாத்து மொழி பிரிக்கற ப்ரோகிராம் எழுத முடிஞ்சது. அப்புறமும் கொம்பு தகராறு இருந்துச்சு, பாமினியில 'கெ'க்கு கொம்பு மொதல்ல வரும், இப்ப எல்லா மொழிக்கும் பொதுவா இருக்கற யூனிகோடுல 'க' மொதல்ல, அதையும் தம்பிங்க சரி பண்ணிட்டாங்க.

அந்த ப்ரோகிராம யாரு வேணும்னாலும் எடுத்துக்கற மாதிரி போட்டுடறேன். நம்ம பக்கம் இன்னும் எத்தன வீட்டுல பழைய சிடியில இப்படி எழுத்து கெடக்குதோ, கொண்டு வாங்க, காசு வேண்டாம், நா உக்காந்து மாத்தித் தர்றேன். இது அப்பா மேல சத்தியம்.

அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை கடையில இருப்பீங்கல்ல? மனு மட்டும் 31 இருக்கு, முழுசா பிரிண்ட் எடுக்கணும். இந்த தடவ மலையாளம் மலையாளமாவே வரும், நீங்கதான் மொதல்ல படிக்கணும்.