தட்சுகியை வெளியேற்றியது எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜப்பானிய அனிமே பற்றி வந்த கட்டுரையில் 'கெமோனோ ஃப்ரெண்ட்ஸ்' தொடரிலிருந்து இயக்குநர் தட்சுகி விலக நேர்ந்த கதையை நான்கே வரியில், 'பெரிய நிறுவனம் நல்ல கலைஞனை விரட்டியது' என்று முடித்துவிட்டீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தட்சுகி, 'இரோடோரி' என்ற சிறு குழுவாகத் தாங்களே கணினியில் படம் செய்து, நிக்கோநிக்கோ என்ற ஜப்பானிய வீடியோ தளத்தில் ஏற்றிவந்தவர். அவர் கைக்கு வந்த 'கெமோனோ ஃப்ரெண்ட்ஸ்', விலங்குகள் சிறுமிகளாக வரும் கதை, யாரும் பெரிதாக நம்பாத தொடர். அதே பெயரில் முன்பே வந்திருந்த மொபைல் விளையாட்டே 2016 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. அடுத்த மாதம் டிவி டோக்கியோவில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் தொடர் தொடங்கியது. சுமார் பத்துப் பேர் ஏறக்குறைய 500 நாள் உழைத்துச் செய்தது. நடக்கும்போது கால் தரையில் சரியாகப் பாவாது, அசைவில் விறைப்பு தெரியும். ஆனால் முதல் அத்தியாயத்தில் கபான் என்ற குழந்தை ஒரு தாளை மடித்துக் காகித விமானம் விடுகிறதே, கடைசி அத்தியாயத்தில் அதே காகித விமானம் தீப்பற்றிப் பறக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதைப் பணம் கொட்டி வாங்க முடியாது. மார்ச்சுக்குள் ஜப்பானே அதைப் பற்றித்தான் பேசியது.

தொடர் முடிந்த கையோடு, '12.1' என்று ஒரு குட்டி அத்தியாயத்தை இணையத்தில் இலவசமாகப் போட்டார். இணையத்தில் வளர்ந்தவருக்கு அது இயல்பான காரியம். படத்தை விரும்பிப் பார்த்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கொடுப்பது. தொலைக்காட்சி அனிமேயில் அப்படி முடியாது. பதிப்பகம், சேனல், பொம்மை விற்பவர் என்று பலர் பணம் போட்டுத் தயாரிப்புக் குழு அமைப்பார்கள். உரிமை அந்தக் குழுவிடம். இந்தக் கதாபாத்திரங்களின் மூல வடிவமும் மங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியர் மினே யோஷிசாகியுடையது, தட்சுகியுடையது அல்ல.

2017 செப்டம்பர் 25 அன்று, தயாரிப்புக் குழுவிலிருந்த பதிப்பகமான கடோகவா தரப்பிலிருந்து வந்த உத்தரவு போலிருக்கிறது, தொடரிலிருந்து விலக வேண்டியதாகிவிட்டது என்று ட்விட்டரில் வருத்தத்தோடு எழுதினார். இரண்டு நாள் கழித்துத் தயாரிப்புக் குழு அறிக்கை விட்டது: தொடரைச் செய்த யாவோயொரோசு ஸ்டூடியோ தங்களுக்குத் தகவல் சொல்லாமல் படைப்பைப் பயன்படுத்தியது, ஆகஸ்டிலேயே விலகுவதாகவும் சொன்னது என்று. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். என் கணிப்பில் யாரும் பொய் சொல்லவில்லை. '12.1' போல ஒருவருக்குப் பரிசாகத் தெரிந்தது இன்னொருவருக்கு அனுமதி மீறல். இதைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

2019 ஜனவரியில் 'கெமோனோ ஃப்ரெண்ட்ஸ் 2' வேறு ஸ்டூடியோவின் கையில் வந்தது. அதே பருவத்தில் தட்சுகியின் 'கெமுரிகுசா'வும் வந்தது. அது அவர் முன்பே இரோடோரி குழுவாகச் செய்து இணையத்தில் போட்ட குறும்படத்திலிருந்து வளர்ந்த கதை. இதையாவது கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

வரும் இதழில் இந்தத் தயாரிப்புக் குழு முறை பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். யூடியூபில் படம் போடும் பிள்ளைகள் உங்கள் இதழை வாசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை