பெயர்த்தெடுக்கப்படும் முடவாட்டுக்கால்

ஆசிரியருக்கு,

கொல்லிமலைக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் முடவாட்டுக்கால் சூப் குடிக்காமல் திரும்புவதில்லை. மிளகு, சீரகம் தட்டிப்போட்டால் ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் கிழங்கு என்று நாம் வாங்குவது, பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் ஒரு பெரணியின் தண்டு. ஆட்டுக்காலைப் போல அதன்மேல் பழுப்பு ரோமம். பூவோ விதையோ கிடையாது. இலைக்கு அடியில் உண்டாகும் வித்துத்தூளாலும் படரும் தண்டாலும்தான் பரவும். தண்டை முழுசாகப் பெயர்த்தால் அந்தப் பாறையில் அப்புறம் செடி ஏது? மலைமக்கள் மூட்டுவலிக்குக் கொஞ்சமாக எடுப்பது வேறு, ஆன்லைனில் கிலோ கணக்கில் விற்பது வேறு. தண்டுத் துண்டுகளை நட்டே வளர்க்கலாம். தோட்டக்கலைத் துறை மலை விவசாயிகளுக்கு இதைக் கற்றுத்தர வேண்டும்.

– ஒரு வாசகர், நாமக்கல்