ஒரே ஒரு படத்தைப் பார்த்து மருந்து சொல்லாதீர்கள்

வாட்ஸ்அப்பில் எங்கள் பூச்சிப் படங்களுக்குப் பதில் சொல்லும் பயிர்ப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். ஆடி மாதம் நான் அனுப்பிய பப்பாளி இலைப் படம் உங்களுக்கு நினைவிருக்காது. இலையின் அடியில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. நான்கே நிமிடத்தில் 'மாவுப்பூச்சி' என்று பதில் வந்தது; அடுத்த வரியில் மருந்தின் பெயரும் அளவும். அன்று சாயங்காலமே அடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்தார். மரத்தடியில் செத்துக் கிடந்த ஒன்றை உள்ளங்கையில் எடுத்துப் போட்டு, மேலிருந்த வெள்ளையை நகத்தால் வழித்தார். உள்ளே புழு. முன்பக்கத்து ஆறு கால்களும் நன்றாகவே தெரிந்தன. "தம்பி, மாவுப்பூச்சி எங்கேயாவது இவ்வளவு நீளம் இருக்குமா? இது பொறிவண்டுப் புழுப்பா. மாவுப்பூச்சியைத் தின்னட்டும்னு போன மாசம் நான் காசு குடுத்து வாங்கி விட்ட வண்டோட குஞ்சு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கிரிப்டோலேமஸ் பொறிவண்டு. காப்பிச் செடியின் செதில்பூச்சியை அடக்க 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. அதன் புழு, தான் தின்னும் பூச்சியைப் போலவே மெழுகிழை போர்த்திக்கொண்டு திரியும். வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். பப்பாளி மாவுப்பூச்சி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். புழு விறுவிறுவென்று ஊரும். மாவுப்பூச்சி கும்பலாக ஒட்டிக் கிடக்கும். ஒரு படத்தில் நீளமும் தெரியாது, நடையும் தெரியாது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து இன்னொரு படம், பத்து விநாடி வீடியோ, இவ்வளவு கேட்டிருந்தால் போதுமே! நான் கேட்பதும் அதைத்தான். ஒரே படத்தை வைத்து மருந்து சொல்லாதீர்கள்.

மெழுகுக்குள் பதுங்கிய மாவுப்பூச்சி தப்பித்துக்கொண்டது, அதைத் தின்ன வந்தது செத்தது. பதினைந்தே நாளில் காய்க்காம்பெல்லாம் வெள்ளை.

2008-இல் கோவையில் இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியபோது எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. பயிற்சி வகுப்பில் இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். பிறகு ஏன் எடுத்த எடுப்பில் மருந்து? மக்காச்சோளத்தில் எந்தப் புழுவை அனுப்பினாலும் படைப்புழு என்கிறீர்கள். அதன் அடையாளமாகத் தலையில் கவிழ்த்த ஆங்கில 'ஒய்' இருக்கிறதா, வால்பக்கம் சதுரமாக நான்கு புள்ளி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பூச்சியைப் பிடித்துத் தின்னும் தோட்டத்துச் சிலந்தி என்றால் அதற்கும் மருந்துதான். கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு உங்களுக்கு எத்தனை படம் வரும், அதில் எத்தனை கலங்கலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். 'இதில் தெரியவில்லை, இன்னொன்று எடுத்து அனுப்புங்கள்' என்று எழுதினால் உங்கள் மேல் மரியாதை கூடத்தான் செய்யும். தயவுசெய்து அப்படி எழுதுங்கள். ஒரே படத்துக்கு மருந்து வேண்டாம்.

நேற்று மாமரத்து முசுறு எறும்புக் கூட்டின் பக்கத்தில் முசுறு மாதிரியே ஒன்றைப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிப் பிடித்திருந்தது; எண்ணிப் பார்த்தால் எட்டுக் கால். மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்து, வீடியோவும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அவசரமில்லை. நிதானமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பப்பாளி விவசாயி