ஊருணிக் கரையிலிருந்து

மாப்பிள்ளை,

எட்டு மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே. நீயும் எழுதவில்லை, கணக்கு நேர். இங்கே எல்லாரும் சௌக்கியம். ஆத்தாவுக்கு மட்டும் முழங்கால் வலி.

திருவிழா வாணவேடிக்கையை இந்த வருடம் ஒருவழியாகப் படம் பிடித்துவிட்டேன். போன வருடம் ஃபிளாஷ் போட்டு முன்னால் நின்றவரின் வழுக்கையை மட்டும் எடுத்து வந்தேனே, இனி அதைச் சொல்லிச் சிரிக்க முடியாது.

இம்முறை ட்ரைபாட். ஒளி உணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப் 11. இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். அதனால் பொழுது சாயும் முன்பே கோபுர உச்சியில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிட்டேன். அப்புறம் பல்ப் மோடு, பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும். வாணம் சீறி ஏறும் கோட்டைக் கண்டதும் ஷட்டரைத் திறப்பது, பூ உதிர்ந்ததும் மூடுவது, நாலைந்து விநாடிதான். ஒரே படத்தில் மூன்று வாணம் வேண்டுமென்றால் ஷட்டரை மூடாமல், நடுநடுவே லென்ஸைக் கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகையில் கறுப்புத் தாள் ஒட்டி ஆட்டிக்கொண்டு நின்றேன். "ரொம்பப் புழுக்கமா தம்பி?" என்றார் பந்தல்காரர்.

காற்று முதுகுப்பக்கம் இருக்கட்டும் என்று ஊருணியின் மேல்கரையில் நின்றேன். அப்படியும் புகை சேருமுன் எடுத்தவைதான் சுத்தம். கடைசியில் மொத்தமாக விடுவார்களே, அப்போது ஆசைப்பட்டு நேரத்தை நீட்டினேன், வானமே வெளுத்துப்போய்விட்டது.

சரி, இதற்காக எழுத உட்காரவில்லை. கூட ஒரு படம் வைத்திருக்கிறேன். தண்ணீரில் பச்சை வாணம் விழுந்திருப்பதை விடு, இடது ஓரத்தைப் பார். உங்கள் வீட்டு மேல்மாடி. கைப்பிடிச் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று. கன்று என்றா சொன்னேன், ஆள் உயரம் இருக்கும். தினமும் இந்தக் கரையில்தான் நடக்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை மாப்பிள்ளை.

பதினோரு பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட வீடு. யாரைக் கேட்டாலும் "மற்றவர்கள் சரி என்றால் எனக்கும் சரி." பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை இப்படித்தான் விட்டார்கள், போன மாதம் தேக்குத் தூண், நிலை எல்லாம் பிரித்து லாரியில் ஏறிவிட்டன.

மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். அதுவும் ஐப்பசி மழைக்கு முன். கொத்தனாரிடம் பேசிவிட்டேன். சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் உடனே எழுது.

உன்
முட்டைக்கண்ணன்