கிரேடுக்குக் கீழே இன்னும் ஒரு வரி

மார்பகப் புற்றுநோய்க்கான நோயியல் அறிக்கைப் படிவத்தை வகுக்கும் நிபுணர் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஒரு நோயியல் மருத்துவர். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருக்கும் வேலை.

சில காலத்துக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு கட்டிகள் என் மேசைக்கு வந்தன. இரண்டும் டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் ரிசெப்டர் எனும் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இல்லாத வகை), இரண்டு சென்டிமீட்டருக்குள், கிரேடு 3 (தீவிரத்தில் மேல்படி), நிணநீர் முடிச்சுகளில் ஒன்றுமில்லை. நீங்கள் வகுத்த படிவத்தில் இரண்டையும் நிரப்பினேன். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது. ஆனால் ஸ்லைடில் பார்த்தது அப்படியில்லை. முதல் கட்டியில், புற்றுச் செல் கூட்டங்களுக்கு இடையே இருக்கும் ஸ்ட்ரோமா என்ற தாங்குதிசு முழுக்க, நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான லிம்ஃபோசைட்டுகள் எறும்பு மொய்த்தாற்போல் கருநீலமாக அடைந்துகிடந்தன. இரண்டாவதில் அதே இடம் வெறும் இளஞ்சிவப்புக் கொலாஜன் பட்டைகள். தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில லிம்ஃபோசைட்டுகள். இந்த வித்தியாசத்தை எழுதப் படிவத்தில் இடமில்லை, நானும் எழுதவில்லை. பிறகு புற்றுநோய் மருத்துவர் ஒருவர் போனில் கேட்டபோதுதான் ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்து எண்ணிச் சொன்னேன். அது என் தவறு. படிவம் கேட்டிருந்தால் நடந்திருக்காது என்பதும் உண்மை.

நாம் கிரேடு போடும் முறையைப் பாருங்கள். 1957இல் புளூமும் ரிச்சர்ட்சனும் வகுத்தது, 1991இல் எல்ஸ்டனும் எல்லிஸும் திருத்தியது. குழாய் அமைப்பு, உட்கருவின் தோற்றம், செல் பிரியும் வேகம் என்று மூன்றுக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண். மூன்றுமே புற்றுச் செல்லைப் பற்றியவை. அது எந்த இடத்தில் குடியிருக்கிறது, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்விகூடக் கிடையாது. இத்தனைக்கும், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை வைத்துக்கொண்டு, விதை மட்டும் போதாது, நிலமும் ஒத்துழைக்க வேண்டும் என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட் எழுதியது 1889இல்! 2011இல் ஸ்டான்ஃபோர்டு குழுவினர் ஸ்லைடுகளிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அம்சங்களைக் கணினியை விட்டு அளக்கச் செய்தார்கள். உயிர்பிழைப்போடு அதிகம் ஒட்டிப்போனவை புற்றுச் செல்லின் அம்சங்களைவிட ஸ்ட்ரோமாவின் அம்சங்கள்தான்.

என் இரண்டு கட்டிகளுக்கே வருகிறேன். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, கீமோ வாங்காத, தொடக்க நிலை டிரிபிள் நெகட்டிவ் நோயாளிகள் 1966 பேரைத் தொகுத்துப் பார்த்தது. முதல் நிலை நோயாளிகளில், ஸ்ட்ரோமாவின் பரப்பில் லிம்ஃபோசைட் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் நோய் வேறு உறுப்புக்குப் பரவாமல் உயிரோடிருந்தார்கள். 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களில் அது 78 சதவீதம். இதை வைத்து யாருக்கும் கீமோவை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பழைய பதிவுகளிலிருந்து திரட்டிய ஆய்வு அது. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை எழுதாமல் விடுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

எல்லா வகைக்கும் ஒரே கணக்குப் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்மோன் ரிசெப்டர் உள்ள, ஹெர்2 இல்லாத கட்டிகளில் லிம்ஃபோசைட் கூடினால் உயிர்பிழைப்பு குறைவதாகவே 2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில் தெரிந்தது. கூட்டமாக நிற்பவர்கள் எல்லாரும் நமக்காகச் சண்டை போடுகிறவர்கள் இல்லை போலும். அதனால் டிரிபிள் நெகட்டிவுக்கு மட்டுமாவது இந்த எண்ணை எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எண்ணுகிற ஆளுக்கு ஆள் எண் மாறும் என்பீர்கள். சரி, மாறும். செல் பிரிவதை எண்ணுவதிலும் மாறுகிறது, பிரியும் செல்களைக் காட்டும் கேஐ-67 புரதத்தை எண்ணுவதில் அதைவிட மோசம். அவற்றை எழுதாமலா இருக்கிறோம்? 2014இல் கூடிய சர்வதேசக் குழு இதற்குத் தெளிவாக விதி சொல்லிவிட்டது: கட்டியின் எல்லைக்குள் இருக்கும் ஸ்ட்ரோமாவை மட்டும் பார், செத்த திசுவையும் முந்தைய பயாப்ஸி ஊசி போன இடத்தையும் விடு, அதிகம் மொய்த்த மூலையைப் பிடித்துக்கொள்ளாமல் சராசரி எடு. தனிச் சாயம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம். கையில் இருக்கும் அதே வழக்கமான ஹெமட்டாக்சிலின்–இயோசின் சாயமேற்றிய ஸ்லைடு, கூட இரண்டு மூன்று நிமிடம்.

செயற்கை நுண்ணறிவு வரட்டும், அது எண்ணிக்கொள்ளும் என்று காத்திருப்பவர்களும் உங்கள் குழுவில் இருப்பார்கள். வரட்டும், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மென்பொருள் சரியாக எண்ணுகிறதா என்று எதோடு ஒப்பிடுவீர்கள்? நாங்கள் எழுதி வைத்த எண்ணோடுதானே? உயிர்பிழைப்பைக் கணிக்கும் கருவிகள் வயது, கட்டியின் அளவு, முடிச்சு, கிரேடு, ரிசெப்டர் என்று கேட்கின்றன. அறிக்கைகளில் வழக்கமாக இருப்பவை அவை. எழுதாத ஒன்றை எந்தக் கருவி கேட்கும்?

அடுத்த திருத்தத்தில் கிரேடுக்கு நேர்கீழே இப்படி ஒரு வரி போதும்: 'ஸ்ட்ரோமாவில் லிம்ஃபோசைட்: ___ சதவீதம்'. கூடுதல் குறிப்பு என்று கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடாதீர்கள். அதை யாரும் நிரப்புவதில்லை, நான் உட்பட.

இப்படிக்கு,
ஒரு நோயியல் மருத்துவர்