பெட்டி கட்டுமுன் ஒரு வார்த்தை கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயலில் சிதைந்த தீவுக் கிராமம் ஒன்றுக்கு வழிபாட்டுச் சபையொன்று ஒரு கொள்கலன் நிறைய நிவாரணப் பொருட்களை அனுப்பிவைத்த செய்தியைச் சென்ற இதழில் படித்தேன். அடுக்கிய அட்டைப்பெட்டிகளும் அவற்றின் முன்னே களைப்பும் மகிழ்ச்சியுமாக நின்ற தொண்டர்களும் இருந்த படம் மனத்தைத் தொட்டது. ஆனால் கப்பல் புறப்பட்டதோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. பெட்டிகள் எப்போது போய்ச் சேர்ந்தன, யார் பிரித்தார்கள், உள்ளே இருந்தவை எவருக்குப் பயன்பட்டன என்று ஒரு வரியும் இல்லை. சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் நெடுங்காலம் ஆவணங்கள் எழுதியவன் நான். எங்கள் சபையின் சார்பில் இதே போன்ற பணியில் இறங்கிச் சூடுபட்டவனும்கூட. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

கடல் கடந்த நாடொன்றில் புயலில் சிக்கிய ஒரு கிராமத்துக்கு உதவ, எங்கள் சபையில் வழிபாடு முடிந்து அறிவிப்புச் செய்த ஒரே வாரத்தில் கூடம் நிரம்பிவிட்டது. தரம் பிரிக்கும் மேசையில் நான் நின்றேன். துவைத்து மடித்துப் பெயர் எழுதிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அலமாரியைக் காலி செய்ய இதுதான் சமயம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ஒற்றைக் காலணி, பொத்தான்கள் எல்லாம் போன சட்டை, பாதி தின்ற மாத்திரை அட்டை, குளிர்நாட்டுக் கம்பளி மேலங்கி என எல்லாம் வந்தன. வேண்டாதவற்றை ஒதுக்க முனைந்தபோது, மூத்த உறுப்பினர் ஒருவர், “காணிக்கையாக வந்ததை நாம் எப்படிக் கழிப்பது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எவரிடமும் பதில் இல்லை. எல்லாமே பெட்டிக்குள் போயின. அவசரத்தில் பல பெட்டிகளின் மேல் ‘துணி, கலவை’ என்று மட்டும் எழுதி ஒட்டினோம். அந்த இரண்டு சொற்களே பின்னால் எங்களுக்கு வினையாயின.

சுங்க அதிகாரிக்குக் ‘கலவை’ என்று ஒரு பொருள் கிடையாது. எந்தப் பெட்டியில் எது, எத்தனை, புதியதா பழையதா, மதிப்பு என்ன என்று பேக்கிங் லிஸ்டில் இல்லாவிட்டால் கொள்கலனைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார்கள். பழைய துணிக்குப் பூச்சிகளை அழித்ததற்கான புகையூட்டுச் சான்று கேட்டார்கள். வரிவிலக்குப் பெற, பெறுநர் அந்நாட்டில் பதிவுபெற்ற அமைப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். நாங்களோ அந்தக் கிராமத்து வழிபாட்டுத் தலத்தின் பொறுப்பாளர் ஒருவரின் பெயரைப் போட்டிருந்தோம். வீடிழந்த அந்த மனிதர் துறைமுகத்துக்கும் அலுவலகங்களுக்கும் படகேறி அலைந்தார். துறைமுகத்தில் கட்டணமின்றி வைத்திருக்கும் இலவச நாட்கள் கடந்ததும் டெமரேஜ் எனப்படும் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கியது. அதை அடைக்க நாங்கள் மீண்டும் உண்டியல் ஏந்தினோம். அலுவலகத்தில் பிறருக்கு நாள்தோறும் சொல்லிவந்த விதிகளை என் சொந்தச் சபையின் காரியத்தில் சொல்லாமல் விட்டேனே என்ற வெட்கம் எனக்கு இன்னும் உண்டு. பக்தி மிகுந்த இடத்தில் கணக்குக் கேட்பது அபசாரம்போலத் தோன்றிவிடுகிறது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது அன்று. 2015 மார்ச்சில் பாம் புயல் பசிபிக் தீவுநாடான வனுவாட்டுவைத் தாக்கியபின், கேட்காமலே வந்து குவிந்த கொள்கலன்கள் 70-க்கும் மேல். பத்து மாதங்கள் கழித்தும் அவற்றுள் 18 போர்ட் விலா துறைமுகத்தில் எடுப்பாரின்றிக் கிடந்தன; அவற்றுக்கான கட்டணம் 15 லட்சம் அமெரிக்க டாலரை எட்டியது; உள்ளிருந்த உணவுப்பொருட்களில் பாதிக்கு மேல் காலாவதியாகிவிட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்துக்கு வந்த மருந்துகள் சுமார் 4,000 டன். அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காட்டின் மேலுறை அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. படிக்க முடியாத மருந்தை எந்த மருத்துவர் கொடுப்பார்? வேண்டாத மருந்தைக் கண்ட இடத்தில் கொட்டவும் முடியாது. அதை முறையாக அழிப்பது தனிச்செலவு. நன்கொடையாக வரும் மருந்துக்குப் போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டு ஆயுள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகள் 1996-இலிருந்தே சொல்லிவருகின்றன.

பால்மாவு இன்னும் கவலைக்குரியது. குழந்தைகளுக்கென்று கேட்டால் எவருக்கும் மனம் இளகும். எங்கள் பெட்டிகளிலும் டின் டின்னாக இருந்தது. 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பின் நடந்த ஆய்வில், நன்கொடைப் பால்மாவு பெற்ற கைக்குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு, பெறாதவர்களிடையே இருந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்பட்டது. கிணறு கெட்டுப்போன ஊரில், கொதிக்கவைக்க விறகும் இல்லாத நிலையில், அந்த மாவை எந்தத் தண்ணீரில் கரைப்பார்கள் என்று மேசையருகே நின்ற எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் எங்கள் வேதவாசகம் அச்சிட்ட சீட்டு ஒன்றை வைக்க வேண்டும் என்று இளைஞர் சிலர் ஆசைப்பட்டார்கள். உதவி மதச் சார்பையோ அரசியல் சார்பையோ வளர்ப்பதற்குப் பயன்படலாகாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை நெறியில் தெளிவாக இருக்கிறது. இது குறித்து எங்களுக்குள் நடந்த விவாதம் கசப்பில் முடிந்தது, சீட்டு வைக்கப்படவில்லை. அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். பசியோடு கை நீட்டுகிறவர் முதலில் நம் வாசகத்தைப் படித்தாக வேண்டும் என்பது ஈகையின் இலக்கணத்தில் சேராது.

இவ்வளவும் சொல்வதால், வழிபாட்டுச் சமூகங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி அன்று. அழைத்த குரலுக்கு ஒரே வாரத்தில் கூடத்தை நிரப்பும் ஆற்றலும், செய்தியாளர்கள் திரும்பிப் போனபின்னும் தொடர்பை விடாத பழக்கமும் அவற்றுக்கு உண்டு. 2013 நவம்பரில் ஹையான் புயலுக்குப் பின் பிலிப்பைன்ஸின் டக்லோபன் நகரில், தைவானின் பௌத்த அமைப்பான ட்சு ச்சி என்ன செய்தது என்று பாருங்கள்: தங்கள் தெருக்களைத் தாங்களே துப்புரவு செய்த மக்களுக்கு நாளொன்றுக்கு 500 பெசோ கூலி கொடுத்தது. தெரு சுத்தமாயிற்று, கையில் காசு வந்தது, கடைகள் திறந்தன. ஊர்ச் சந்தை உயிரோடு இருக்கும் இடத்துக்குப் பணமும், அது அற்றுப்போன இடத்துக்குப் பொருளும் அனுப்புவதே தகும். எது எந்த நிலை என்பதை அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும்.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். கடலிலே அனுப்புவதை அளந்து அனுப்பினால் என்ன?

மறு ஆண்டு அதே கிராமம் மீண்டும் புயலில் சிக்கியபோது, அறிவிப்புச் செய்வதற்கு முன்பே அந்தப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். இரண்டு நாட்களில் அவர் எழுதியனுப்பிய பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. தார்ப்பாய், நைலான் கயிறு, கூரைத் தகடு பொருத்தும் வாஷர் வைத்த ஆணி, மூடியுள்ள தண்ணீர்க் குடுவை, மீன்வலை பின்னும் நூல் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவும் எண்ணிக்கையும் இருந்தன. வலைநூலுக்கு மட்டும் கண்ணியின் அளவைப் படமாகவே வரைந்திருந்தார். அடியில், மிகுந்த தயக்கத்தோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு வரி சேர்த்திருந்தார்: “துணி மட்டும் வேண்டாம், போன முறை வந்ததே இன்னும் கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது.”

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்